மோவாயில் இறங்கிய ஆத்தா

ஏங்க, உங்கள் உடம்பில் மாரியாத்தா வந்து இறங்கியிருக்கிறாள் என்று சொந்த மாமியாரே விழுந்து கும்பிடுகிறபோது, ஆத்தாவும் இல்லை அம்மையும் இல்லை, மோவாயில் முளைத்த முடியை லேசர் வைத்து எடுக்கப்போய்த் தோல் வெந்துபோன கொப்புளம் இது என்று, நீங்களாக இருந்தால் எந்த வாயால் சொல்லுவீர்கள்? எனக்கு வாய் வரவில்லை. காலையிலிருந்து திறக்கிறேன், மூடுகிறேன், கண்மாய் வற்றின சேற்றில் கெளுத்தி கிடந்து வாயைப் பிளக்குமே, அந்த மாதிரி. அடியில் வேப்பிலை, அதற்கு மேல் என் வீட்டுக்காரருடைய பழைய வெள்ளை வேட்டி, அதற்கு மேல் நான். ஒரு காம்பு முதுகில் குத்திக்கொண்டே இருக்கிறது. அதை விட்டுப் புரண்டால் அதன் தங்கச்சி குத்துகிறாள். ஃபேனை நிறுத்தியாயிற்று, கரண்டுக் காற்று ஆத்தாவுக்கு ஆகாது என்று. ஓட்டு வீடு, பங்குனி வெயில், கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதிலிருந்து விழுகிற வெயில் கட்டம் தரையில் நகர்ந்து நகர்ந்து இப்போது என் கால் பெருவிரலுக்கு வந்திருக்கிறது. முழங்காலுக்கு வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். இதற்கு முன்னால் டிரங்குப் பெட்டியைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். அதற்கு முன்னால் கூழ் குடித்ததும் என்றிருந்தேன். கூழில் உப்பே இல்லை. வீட்டில் கடுகு வெடிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது, தலை சீவக் கூடாது, வந்தவரிடம் வா என்றும் போனவரிடம் போய்வா என்றும் சொல்லக் கூடாது. நிலைக்கதவில் வேப்பங்கொத்து தொங்குகிறது. அதற்கு அந்தப் பக்கம் நடையில் அத்தை, கையை மடியில் வைத்துக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருக்கிறவளைப் போல. அதற்கும் அந்தப் பக்கம் தெரு. தெருவுக்கு எதிர்த்தாற்போல் சந்திரா மயினி வீடு. அங்கேதான் என் பிள்ளை அழுகிறாள். ஆதிரா. இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் தாயை விட்டுப் பிரித்து எதிர்வீட்டில் போட்டாயிற்று. கேட்கிறதா? எனக்குக் கேட்கிறது. இது தூக்கத்துக்கு அழுகிற அழுகை இல்லை. தூக்கத்துக்கு அழுதால் நடுவில் ஒரு கொட்டாவி இடம் கேட்கும். இது பாலுக்கு.

முடிக்கு வருகிறேன். பிள்ளை பெற்ற பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எல்லாருக்கும் கொட்டும் என்றார்கள், சரி என்றேன். கொட்டினதெல்லாம் எங்கே போனது என்று பார்த்தால், டிரான்ஸ்பர் வாங்கிக்கொண்டு வந்த வாத்தியார் மாதிரி மோவாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. முதலில் பிடுங்கினேன். பிடுங்கப் பிடுங்கச் சீமைக்கருவேலமாகக் கிளைத்தது. பிறகு அவருடைய ரேசரை எடுத்தேன். அவர் லாரியில் லோடு ஏற்றிப் போனால் பத்துப் பன்னிரண்டு நாள் வரமாட்டார், ஆனால் ரேசர் தேய்ந்திருப்பதை வந்ததும் கண்டுபிடித்துவிடுவார். 'ஏன் கனி, நான் இல்லாதப்ப வீட்டுல யாருக்குடி மீசை மொளைக்குது?' என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரிக்கிறதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் பிரம்பை எடுக்கும்போதே சிரித்து, அதற்கென்று தனியாக ஒரு அடி வாங்கினவள். ஆனால் இது சிரிப்போடு போகவில்லை. ஆதிரா பால் குடிக்கிறபோது குனிந்து கன்னத்தோடு கன்னம் வைத்து உரசுவேன், அவள் காம்பை விட்டுவிட்டுக் கெக்கலிப்பாள், பால் என் மேலேயே வழியும். ஒருநாள் விடிந்து பார்த்தால் அவள் கன்னத்தில் சிவப்புச் சிவப்பாக, தேங்காய்த் துருவியில் தேய்த்த மாதிரி. 'கொசு பிடுங்கியிருக்கு, ஏட்டி, வலையக் கட்டிப் போடு' என்றது அத்தை. கொசு இல்லை, நான். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். கோவில்பட்டியில் செல்போன் கடைக்கு மாடியில் லேசர் வைத்து முடி எடுக்கிற இடம் இருக்கிறது என்று டெய்லர் கடை அக்கா சொல்லி, பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகிறேன் என்று அத்தையிடம் சொல்லி, அக்காவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் படியேறினேன். குத்தத்தான் செய்தார்கள், எனக்கு, ஊசியால் இல்லை. ஷைனி என்று நாகர்கோவில் பக்கத்துச் சின்னப் பெண். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, மோவாயில் ஜில்லென்று பசையைத் தடவி, எறும்பு கடிச்ச மாதிரிதான்க்கா இருக்கும் என்றாள். எறும்பு இல்லை, ரப்பர் பேண்டை இழுத்து இழுத்துச் சுண்டின மாதிரி. கோழியை நெருப்பில் வாட்டும்போது ஒரு வாசனை வருமே, அது வந்தது. கோழி நான்தான் என்று தெரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்காதீங்க, கை மாறிரும் என்றாள் ஷைனி. எழுந்து வரும்போது ஒரு கிரீம் டியூபைக் கொடுத்து வரிசையாகச் சொன்னாள். வெயில்ல போகக்கூடாதுக்கா, சோப்புப் போடக்கூடாது, சொறியக்கூடாது, மஞ்சள் பக்கமே போகக்கூடாது, எரிஞ்சா ஐஸ துணியில சுத்தி ஒத்துங்க.

இப்போது படுத்துக்கொண்டு நினைத்துப் பார்க்கிறேன், வெயிலில் போகாதே, சோப்புப் போடாதே, சொறியாதே, ஆத்தாவும் அதைத்தான் சொல்கிறாள். ஷைனியும் மாரியாத்தாளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருக்கிறது, மஞ்சள் ஒன்றில்தான் இரண்டு பேருக்கும் தகராறு. அந்தத் தகராறு முழுவதும் என் மோவாயில் நடக்கிறது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் காலையில் ஒரு பூச்சு, மத்தியானம் ஒரு பூச்சு. காயக் காயத் தோலைப் பிடித்து இழுக்கிறது. அடியில் கொப்புளம் உடைந்த இடத்தில் மஞ்சள் இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது, அத்தை அதைப் பார்த்துவிட்டு ஆத்தா மனசு இளகுறா என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. அத்தை நடைக்குப் போனதும் தண்ணீர்ச் செம்பில் முந்தானையை நனைத்துத் துடைத்துவிடுகிறேன். துடைத்தால் எரிகிறது, துடைக்காவிட்டால் இழுக்கிறது. இதில் ஷைனி மேல் குற்றம் இல்லை. பங்குனி மாதம் எங்கள் கரிசல்காட்டில் ஒருத்தியிடம் வெயிலில் போகாதே என்று சொன்னால் அவள் எங்கே போவாள்? களத்தில் மிளகாய் காய்கிற மாதம். கூப்பிட்ட ஆள் வரவில்லை, அத்தைக்கு இடுப்புப் பிடிப்பு. துண்டை மூக்கு வரைக்கும் கட்டிக்கொண்டு போய்ப் மிளகாய்ப் பழத்தைப் பரப்பினேன், கிளறினேன், வெளுத்த சோடையைப் பொறுக்கினேன். மோவாயில் வியர்த்தது, துண்டு ஈரமானது, ஈரம் அரித்தது. அரித்தால் கை போகும். புறங்கையால்தான் துடைத்தேன், உள்ளங்கையால் துடைக்கிற அளவுக்கு மடச்சி இல்லை என்று எனக்கே ஒரு சபாஷ் வேறு. மிளகாய்க்குப் புறங்கை ஏது உள்ளங்கை ஏது. சாயங்காலம் மோவாய் அடுப்பாகிவிட்டது. ஐஸ் எங்கே? பிரிட்ஜில் மாவுக்கு மேல் கையை நீட்டி உறைந்திருந்ததைச் சுரண்டித் துணியில் வைத்து ஒத்தினேன். விடிந்தபோது கொப்புளம். அதுவும் கண்டபடி இல்லை, மிஷின் வாய் சதுரமாக இருக்கும், அது பதிந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாக, தபால் ஆபீஸில் முத்திரை குத்தின மாதிரி வரிசையாக.

இரண்டு நாள் முந்தானையை இழுத்து இழுத்து மறைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் விளக்கேற்றும்போது அத்தை பார்த்துவிட்டது. 'ஏட்டி கனி, வெளிச்சத்துக்கு வா.' போனேன். 'மூஞ்சிய நிமித்து.' நிமிர்த்தினேன். என் தாடையைத் தொட வந்த கை பாதியில் நின்றுவிட்டது. பல்லியைப் பார்த்த பூச்சி மாதிரி அந்தக் கை நின்றதை நான் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மறு நிமிஷம் அந்த ஏட்டி செத்துப்போனது. 'தாயி' என்றது அத்தை. 'கோலம் போட்ட மாதிரியில்ல எறங்கியிருக்க.' இப்போது சொல்லுங்கள், நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தப்பித்தோம் என்று நினைத்தேன். முடி வெளியே வராது, லேசர் வெளியே வராது, தடுப்பூசிப் பொய் வெளியே வராது, இரண்டு நாள் படுத்திருந்தால் கொப்புளமும் காய்ந்துவிடும், களத்துக்கும் போக வேண்டாம். படுக்கையில் கூழும் நுங்கும் வரும். பிள்ளையைக் கட்டிக்கொண்டு தூங்கலாம் என்று வரை நினைத்தேன், புத்தி அப்படி. நான் பாயில் உட்காருவதற்குள் பிள்ளை தெருவைத் தாண்டிவிட்டாள். அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினது, இடுப்புப் பிடிப்புள்ள பொம்பிளை ஓடின ஓட்டமா அது. திரும்பி வந்து குளித்து, ஈரச் சேலையோடு சூடம் கொளுத்தி என் காலடியில் விழுந்தது. காலை இழுத்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டது. 'ஒருதரம் கொண்டுபோயிட்டியே, போதாதா? எம் பூமாரி. நடக்கக்கூட இல்ல, செவுத்தப் பிடிச்சு நின்னா. பக்கத்து வீட்டுல நீ எறங்கியிருக்கன்னு தெரியாம உள்ள போயிட்டு வந்து, காலு கழுவாம எம்பிள்ளையத் தூக்கிட்டேன். தப்பு என்னுது. இந்தப் பிள்ளைய விட்டுரு. ஆளு வேணும்னா நான் இருக்கேன், என்னைய எடுத்துக்கோ.' இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து பூமாரி என்கிற பேரை நான் கேட்டதில்லை. அவருக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று அவரே சொன்னதில்லை, அவருக்கே தெரியுமோ என்னவோ. மருமகளிடம் சொல்லாததை அத்தை ஆத்தாவிடம் சொல்கிறது, ஆத்தாவின் இடத்தில் நான் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறேன். அடுத்தவர் வீட்டு ஜன்னலில் காது வைத்த மாதிரி இருந்தது, ஆனால் காலைப் பிடித்திருக்கிறார்கள், எழுந்தும் போக முடியாது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். விழுவதற்கு முன்னால் என்றால் ஏச்சோடு போயிருக்கும். விழுந்த பிறகு எப்படி? பூமாரியை எடுத்து வெளியே வைத்த பிறகு, அத்தை, நீங்கள் கும்பிட்டது ஒரு முடி எடுத்த காயத்தை என்று சொன்னால், அந்தப் பொம்பிளை தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

மறுபடியும் அழுகிறாள். அழுகையின் முதல் இழை காதில் விழுவதற்கு முன்னால் மார்புக்குக் கேட்டுவிடுகிறது, பால் குத்தி இறங்குகிறது, ரவிக்கை நனைகிறது. கல்லாகக் கட்டிக் கிடக்கிறது இரண்டு பக்கமும். கையைத் தூக்க முடியவில்லை, அக்குள் வரைக்கும் நெறிகட்டியிருக்கிறது. குளியலறையில் பீய்ச்சி ஊற்றினேன். தண்ணீரோடு வெள்ளையாகச் சுழன்று ஓட்டைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டம்ளரில் பிடித்துக் கொடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, ஆத்தா உடம்புப் பால் சூடு, ஆகாது என்றாகிவிட்டது. பால் கட்டினதில் காய்ச்சல். காய்ச்சல் வந்ததும் அத்தை புறங்கையை நெற்றிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தொடாமலே, 'அனல் வீசுது, உக்கிரமா இருக்கா' என்றது. பாருங்கள், பிள்ளையைப் பிரித்ததால் பால் கட்டினது, பால் கட்டினதால் காய்ச்சல், காய்ச்சல் இருப்பதால் அம்மைதான், அம்மை என்பதால் பிள்ளையைப் பிரித்தே வைக்க வேண்டும். செக்கு மாடு கூட ஒரு இடத்தில் நின்று மூத்திரம் பெய்யும், இது நிற்கவே இல்லை. டியூப் ஞாபகம் வருகிறது. வராமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வந்துவிட்டது. அந்தக் கிரீம் டியூபை எங்கே ஒளித்தேன்? பிள்ளைத் துணி மூட்டைக்குள். மூட்டை எங்கே? பிள்ளையோடு எதிர்வீட்டில். சந்திரா மயினி நல்லவள், கை ஓயாதவள், சும்மா இருக்கமாட்டாள். மூத்திரத் துணி பட்டுப் பிள்ளைக்குத் தொடை சிவந்திருந்தால், இதோ கனி மருந்து வைத்திருக்கிறாளே என்று எடுத்துப் பிதுக்கிப் பூசிவிட மாட்டாளா? இது பிள்ளைக்குப் போடுற மருந்து இல்லக்கா என்று ஷைனி விரலை ஆட்டிச் சொன்னாளே. பூசியிருப்பாளோ? அதனால்தான் அழுகிறாளோ? இல்லை, இது பால் அழுகை, எனக்குத் தெரியாதா. தெரியுமா? தூரத்திலிருந்து கேட்டால் எல்லா அழுகையும் ஒரே அழுகையாகத்தான் இருக்கிறது. மோவாயும் இருக்கிறதே, அதை யார் பார்ப்பது. கண்ணாடியைத் துணி போட்டு மூடியிருக்கிறது. விரல் நுனியால் தொட்டால் சதுரம் சதுரமாகக் கெட்டியாகத் தட்டுப்படுகிறது, ஒரு சதுரத்தின் ஓரத்தில் ஈரம். சீழ் வைத்துவிட்டால்? சீழ் இல்லாமல் ஆறினாலும் கறுப்பு விழுந்துவிட்டால்? வெயில் பட்டா கறுப்பு மாசக்கணக்கா நிக்கும்க்கா என்றாள். முடித்தாடி போய்க் கறுப்புத்தாடி. இதை எந்த ரேசரால் எடுக்கிறது?

எழுந்து போய்விடலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன், முந்தாநாள் சாயங்காலம் போகவும் செய்தேன். நடை தாண்டினதும் அத்தை குறுக்கே படுத்துவிட்டது, மிதிச்சிட்டுப் போ தாயி என்று. தெருவில் பம்படியில் நின்ற பொம்பிளைகள் குடத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. ஒரு தெரு முழுக்கக் கதவு சாத்துகிற சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. திரும்பி வந்து படுத்துவிட்டேன். போன் வேறு இல்லை, அதன் வெளிச்சத்தில் அம்மை கண்ணில் இறங்கிவிடும் என்று அத்தை இடுப்பில் சொருகி வைத்திருக்கிறது. அவர் நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார், நேற்று அத்தை போனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு பேசவிட்டது. ஹலோ என்றேன். 'கனி, எப்பிடிம்மா இருக்கு?' என்றார். அந்த அம்மா எனக்கா ஆத்தாவுக்கா என்று தெரியவில்லை. 'ஏங்க, இது வந்து' என்றேன். பின்னால் லாரி ஆரன். 'அம்மா சொல்றதக் கேட்டுக்கோ, வந்து கிடா வெட்டிருவோம்' என்றார். கிடாவும் சேர்ந்துகொண்டது. நான் மூடி மூடி வைக்கிறேன், ஒவ்வொருத்தராக வந்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போகிறார்கள். வாக்கியத்தைத் தயார் செய்கிறேன், பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்த மாதிரி. அத்தை, இது வந்து லேசர். லேசர் என்றால் அத்தைக்குக் கண் ஆஸ்பத்திரி. கண்ணில் பண்ணுகிறதை ஏன் மோவாயில் பண்ணினாய் என்று கேட்கும். சரி, அத்தை, கரண்டு வைத்து முடியைப் பொசுக்கினேன். கரண்டு என்றால் ஷாக். அத்தை, எனக்குத் தாடி முளைத்தது. இதுதான் சரியான வாக்கியம், சின்ன வாக்கியம், நாலு வார்த்தை, எழுவாய் பயனிலை எல்லாம் இருக்கிறது. இதில்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எனக்குத் தாடி. எனக்குத் தா. வெயில் கட்டம் கணுக்காலுக்கு வந்துவிட்டது. அங்கே அழுகை நின்றுவிட்டது. நின்றது நல்லதா? குடித்திருப்பாள். இல்லை, அலுத்துத் தூங்கியிருப்பாள். அழுகை நின்றால் நிம்மதி வரும் என்று இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன், நின்ற பிறகுதான் பயமாக இருக்கிறது.

அத்தை உள்ளே வந்தது. கையில் மஞ்சள் கிண்ணம். கண் சிவந்திருக்கிறது. 'தாயி' என்று நிலைப்படியிலேயே நின்றது. 'நேத்து ராத்திரியிலருந்து பிள்ளை எதையும் எறக்க மாட்டேங்கா. பாட்டிலக் கண்டாலே தட்டிவிடுதா. சந்திரா சங்குல ஊத்துனா, அவ மூஞ்சியிலயே துப்பிட்டா.' துப்பினாளா என்று எனக்குள் ஒருத்தி சிரித்தாள், அந்த நேரத்திலும். 'தொண்டை கம்மிப்போச்சு. அழக்கூடச் சத்து இல்ல, தாயி.' சிரித்தவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை. 'அத்தை, உக்காருங்க.' 'உன் முன்னால உக்காரக் கூடாது.' 'அத்தை, கேளுங்க. இது அம்மை இல்ல. ஆத்தா இல்ல. எனக்குத் தாடி மொளைச்சிச்சு, அத்தை. மோவாயில. தெனமும் செரைச்சேன். பிள்ளை கன்னத்துல கீறுனது கொசு இல்ல, அதுதான். டவுனுக்குப் போய் மெஷின் வச்சு எடுத்தேன், அதுல வெந்தது. அதுக்கு மேல மிளகாய் பட்டுது, வெயில் பட்டுது. அவ்வளவுதான். தடுப்பூசின்னு சொன்னது பொய்.' சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொன்னால் கூரை இடிந்து விழும் என்று நினைத்த இடத்தில் ஒன்றுமே விழவில்லை. அத்தை என் மோவாயைப் பார்த்தது. குனிந்து, இன்னும் குனிந்து பார்த்தது. 'முடியா? உனக்கா? ஒத்த முடி கெடையாதே, தாயி. ஒருநாளும் பாத்ததில்லையே.' எப்படிப் பார்த்திருக்கும்? விடிவதற்கு முன்னால் எழுந்து, தாழ்ப்பாள் போட்டு, அத்தனை பக்குவமாக அல்லவா மறைத்தேன். மிச்சமிருந்த சாட்சியையும் போன வாரம் சதுரம் சதுரமாக எரித்தாயிற்று. 'பிள்ளைத் துணிக்குள்ள மருந்து இருக்கு அத்தை, டியூபு, சந்திரா மயினியக் கொண்டாரச் சொல்லுங்க, அதுல பேர் போட்டிருக்கு.' அத்தை கையிலிருந்த கிண்ணம் சாய்ந்தது, ஓரத்தில் மஞ்சள் வழிந்தது. 'மருந்தா? நீ எறங்குன வீட்டுல மருந்து வச்சிட்டமா? அதான். அதான் கோபமா இருக்க. நான் இல்ல, நான் இல்லன்னு முகத்தத் திருப்புத.' கோபம் இல்லை அத்தை என்றேன். கோபம் இல்லை என்று சாமி சொன்னால் யார்தான் நம்புவார்கள்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அத்தை இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டது. 'எட்டயபுரத்துல எந் தங்கச்சி இருக்கா. சாயங்கால பஸ்ஸுல சந்திரா கொண்டுபோய் விட்டுட்டு வாரேங்கா. உனக்கு மூணு தடவ தலைக்குத் தண்ணி ஊத்தி, நீ மலையேறுற வரைக்கும் அங்கன இருக்கட்டும். தங்கச்சி மருமக பால் குடுக்கிறவதான், அவகிட்டக் குடிச்சாலும் குடிப்பா. போகட்டுமா, இருக்கட்டுமா? நீ சொல்லாம நான் செய்ய மாட்டேன். ஒரு வார்த்தை உன் வாயால சொல்லு, தாயி.' நான் அத்தையைப் பார்த்தேன். காலில் விழுந்தபோது அத்தை முகத்தை நான் பார்க்கவில்லை, தலை உச்சிதான் தெரிந்தது. இப்போது முகம் நேரே இருந்தது. பெரியவர்கள் சின்னப் பிள்ளை முகத்தோடு நிற்கும்போது பார்க்க முடியாது, ஆனால் பார்த்தேன். இந்தப் பொம்பிளை கனியைக் கேட்கவில்லை. கனி நிஜத்தை ஒரு வார்த்தை விடாமல் சொல்லியாயிற்று, அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் கதவே இல்லை. கேட்கிறது வேறொருத்தியை. அந்த வேறொருத்தி வாயைத் திறந்தால் பஸ் நிற்கும், எதிர்வீட்டுக் கதவு திறக்கும், பிள்ளை வருவாள். திறந்தால் நான் சொல்வது பொய். எத்தனையோ பொய்யோடு இதுவும் ஒன்றா, இல்லை, இது வேறே ஜாதிப் பொய், இதற்குக் கணக்குக் கேட்க ஆள் இருக்கிறது. ஆத்தா கோபித்தால் கோபிக்கட்டும் என்று நினைக்கத் தைரியம் வரவில்லை. நானும் இதே தண்ணீரைக் குடித்தவள்தானே. நாளைக்குப் பிள்ளை தும்மினால்? ஒரு சின்னக் காய்ச்சல் வந்தால்? அத்தை தாங்காது, நானும் தாங்கமாட்டேன். பூமாரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாமா, உன் தப்பு இல்லை என்று, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வேண்டாம். அது என்னுடையது இல்லை, அந்த ஒன்றையாவது தொடாமல் விட வேண்டும். எதிர்வீட்டில் ஒரு சத்தம், அழுகையென்றும் சொல்ல முடியாது, கிணற்றில் உருளை காய்ந்து கிரீச்சிடுகிற மாதிரி, ஒருதரம், அப்புறம் ஒன்றுமில்லை. மார்பு குத்தி இறங்கியது. எழுந்து உட்கார்ந்தேன். தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழுந்ததை ஒதுக்கவில்லை. காய்ச்சலில் உடம்பு தானாக ஆடியது, ஆடட்டும் என்று விட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அத்தை என்பதைத் தவிர வேறொன்று சொல்லி அறியாத வாயால், பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

'குருவம்மா,' என்றேன். 'பயப்படாத. உம் பேத்திய நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். கொண்டாந்து எம் மடியில போடு.'